வருஷா வருஷம் வளர்ந்த சாட்சி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து, கர்த்தர் தன்னை எப்படித் திருத்தினார் என்று சாட்சி சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

நிஜத்தில் அவர் குடித்தது ஒரே ஒரு முறை. கூட வேலை பார்த்தவர் கல்யாணத்தில் அரை டம்ளர் பீர். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்து இரண்டு நாள் சுருண்டு கிடந்தார். முதல் வருஷச் சாட்சியில் அது வெறும் "குடிச்சேன்". அடுத்த வருஷம் "குடிக்கு அடிமையா இருந்தேன்". அதற்கடுத்த வருஷம் ரோட்டில் விழுந்து கிடந்தார். பாவம் பெருகப் பெருக, சபையார் போடும் "ஸ்தோத்திரம்" என்ற சத்தமும் பெருகியது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வருஷம் மைக்கைப் பிடித்து, "குடிச்சிட்டு வந்து என் மனைவியைப் போட்டு அடிப்பேன்" என்று அழுதே விட்டார். அந்த அழுகை நடிப்பில்லை. சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார்.

எங்கள் மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். பதிமூன்று வயது. அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சில்லை. அவர் என் பக்கம் கையை நீட்டினாலே நடுவில் வந்து நின்றாள். ஒரு ராத்திரி அவள் தூங்கினதும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, நீங்க என்னைக்காவது என்னை அடிச்சிருக்கீங்களா?"

"தேவ மகிமைக்காகத்தானே சொன்னேன்."

"அவரு மகிமைக்கு உங்க பொய் எதுக்கு? பாவம்தான் வேணும்னா நெஜமா பண்ணினதைச் சொல்லுங்க. உங்கள வளர்த்த அண்ணன் பதினோரு நாள் ஆஸ்பத்திரில கெடந்து செத்தாரு. ஒரு நாள் எட்டிப் பாத்தீங்களா? அந்த வாடை ஒத்துக்காதுன்னு டிவி முன்னாடி உக்காந்துக்கிட்டு, டூட்டின்னு ஏமாத்தலையா?"

அவர் முகம் செத்துவிட்டது. "அதெல்லாம் ஒரு சாட்சியா?" என்று முனகினார்.

ஆனால் அடுத்த ஞாயிறு சொன்னார். மனைவியை அடித்ததாகச் சொன்னது பொய் என்றார். அண்ணன் கதையையும் சொன்னார். ஒரு ஸ்தோத்திரம்கூட எழும்பவில்லை. யாரோ இருமினார்கள். போதகர் அவசரமாகப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே பெருமை. இந்த மனுஷனை நேராக்கியது நான்தானே!

பஸ்ஸில் மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"பெரியப்பா உங்களக் கேட்டாராப்பா?"

"தினமும் கேட்டாராம். பெரியம்மா சாயங்காலம் போன் பண்ணுவாங்க."

"போன எடுத்து டூட்டின்னு யாருப்பா சொன்னது?"

பதினோரு நாளும் எடுத்தது நான். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவருக்குக் கைகாட்டிவிட்டு, வாய் கூசாமல் சொன்னதும் நான். அது என் கணக்கில் வரும் என்று இதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மகளிடம், "நான்தான்மா" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னதாலதான்மா அப்பா இன்னிக்கு உண்மையைச் சொன்னாரு."

ஆமாம் என்று தலையாட்டினேன்.