துவாதசிக் கீரை

கரமனைத் தெருவில் பேருந்துச் சத்தம் அடங்கி வீடு அமைதியானால், சூடாமணியின் நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக் என்று கேட்கும். ஆபரேஷனில் வைத்த உலோக வால்வு அது. முதலில் பயந்தாள். இப்போதெல்லாம் காது கொடுத்துக் கேட்பாள்.

அவளுக்குப் புரியாதது வேறொன்று. வால்வில் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டு. ரத்தம் அதிகம் நீர்த்தாலும் ஆபத்து, கெட்டிப்பட்டாலும் ஆபத்து. அவ்வப்போது ஊசி குத்திப் பார்ப்பார்கள். ஒரு தடவை சரியாக இருக்கும். மறு தடவை கெட்டி. இனியும் இப்படியானால் வால்வு அடைத்துக்கொள்ளும், திரும்ப அட்மிட் ஆக வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் சிஜி மலையாளமும் தமிழும் கலந்து துருவித் துருவிக் கேட்டாள். "மாத்திர மறந்தோ அம்மா? கீர வல்லதும் கழிச்சோ, சாப்பிட்டீங்களா?"

"மருந்து தப்பினதே இல்லை. கீரையை ஆத்துக்குள்ளேயே விடறதில்லை."

பொய் சொல்லவில்லை என்றுதான் சூடாமணி நம்பினாள். கீரையிலிருக்கும் சத்து அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்று சிஜி சொன்ன நாளிலேயே முருங்கையைக்கூட ஒதுக்கிவிட்டாள். பின் எது? தன் ரத்தம் தனக்குத் தெரியாமல் என்ன செய்கிறது? மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதையே யோசிப்பாள்.

ஏகாதசியன்று சாயங்காலம் கணவர் வெங்கடசுப்ரமணியன் அகத்திக் கட்டோடு வந்தார். அவள் பிழைத்தால் ஏகாதசிதோறும் பட்டினி இருப்பதாக அவர் நேர்ந்துகொண்டிருந்தார். மறுநாள் துவாதசிக் காலையில் அகத்திக்கீரை சாப்பிட்டுப் பாரணை செய்து விரதத்தை முடிப்பார். பட்டினியில் அவளுக்குப் பங்கில்லை, கீரையில் உண்டு.

சூடாமணி அந்த அகத்திக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, இது கீரைதானே?"

"அகத்தி."

"அகத்தி கீரையில்லையா?"

"அது பாரணை. பாரணையைப் போய் சாப்பாட்டோட சேர்ப்பாளா?"

"நானும் சேர்க்கலை. அதான் சிஜிகிட்ட சொல்லத் தோணலை."

போன் போட்டாள். துவாதசிதோறும் அகத்தி சாப்பிடுவதைச் சிஜியிடம் சொன்னாள்.

"எத்ர கழிக்கும்?"

"கிண்ணம் நிறைய. இவர்தான் கரண்டி கரண்டியா இலையில விளம்புவார். போறும்னா விடமாட்டார்."

"என்டம்மே, அதாணு காரியம். துவாதசிய ஒட்டி டெஸ்ட் வந்தா கெட்டி, தள்ளி வந்தா சரி. ஒரே நாள்ல அத்தனையும் தின்னா மாத்திர என்ன செய்யும்? நாளைக்கு வேண்டாம். டாக்டர்கிட்ட ஞான் பறயாம். அவர் சொல்ற அன்னைக்கு டெஸ்ட்டுக்கு வாங்க."

பக்கத்தில் நின்று கேட்ட வெங்கடசுப்ரமணியனின் முகம் சுண்டிவிட்டது.

"நானே விளம்பினேனே, சூடா."

"நானும்தானே தின்னேன்."

காலையில் அவர் இலையில் மட்டும் அகத்தி இருந்தது. அவர் அதைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடுங்கோ. உங்க ரத்தத்துக்கு ஒண்ணும் ஆகாது."

"பாதி விரதம் மாதிரின்னா இருக்கு."

"நெல்லிக்காய்ப் பச்சடியை இப்படித் தள்ளுங்கோ. அதைச் சிஜிகிட்டக் கேட்டாச்சு."

டெஸ்ட் அன்று, ஊசிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிற சூடாமணி, சிஜி கூப்பிடும் முன்பே கையை நீட்டினாள். ரிசல்ட் வந்தது.

"சரியாயிட்டுண்டு அம்மா. அட்மிஷன் வேண்டாம்."

வெங்கடசுப்ரமணியன் கண்ணை மூடிக்கொண்டார். சூடாமணி எழுந்திருக்கவில்லை.

"சிஜி, கிண்ணம் நிறையத் தின்னா தப்பு. தினம் ஒரே ஒரு ஸ்பூன் தின்னா டெஸ்ட்ல என்ன காட்டும்? டாக்டர்கிட்டக் கேட்டுச் சொல்லேன்."