கண்ணைக் கட்டிப் பிடித்த கொழுக்கட்டை

திருவனந்தபுரம் மணக்காட்டில் மாடி வீட்டில் குடியிருக்கிற பகவதிப்பெருமாளுக்கு வருஷங்கள் நினைவிருப்பது பலகாரத்தை வைத்துத்தான். சாலைக் கடைத்தெருவில் மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் ஆயுசில் பாதியைக் கணக்கெழுதிக் கழித்தவர். ஆனாலும் வீட்டுக் காரியத்தில் தேதி ஒன்றும் நிற்காது. முந்திரிக்கொத்து எண்ணெயில் பிரிந்து பொடிப்பொடியாய்ப் போன தீபாவளி என்றால் அது மகள் சுஜா பிறந்த வருஷம். மனைவி வடிவாம்பாள் ஆஸ்பத்திரியில் கிடக்க, பயற்றம்பருப்பு உருண்டையை அரிசிமாவில் முக்கி அவரே பொரிக்கப் போய் நடந்த கூத்து அது. அடப்பிரதமன் அடிபிடித்த ஓணம் என்றால் இந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷம். பக்கத்து வீட்டு அம்மிணி செய்முறை சொல்லிக் கொடுக்க வந்து, இரண்டு பெண்களும் பேச்சில் இறங்கிவிட, உருளியின் அடி கரிந்தது. அந்தக் கரிந்த பாயசத்தையும் இரண்டு கிண்ணம் குடித்தவர் அவர்.

அவர் தின்றறியாத பண்டிகைப் பண்டம் ஒன்றே ஒன்றுதான். ஔவையார் நோன்புக் கொழுக்கட்டை.

தெரியாதவர்களும் இருப்பீர்கள், சொல்லிவிடலாம். நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் தையிலோ ஆடியிலோ ஒரு செவ்வாய்க்கிழமை பெண்கள் மட்டும் கூடுவார்கள். பச்சரிசி மாவில் உப்புப் போடாமல் கொழுக்கட்டை பிடித்து, பானையில் வைக்கோல் பரப்பி அவித்து, ஔவையின் கதையைச் சொல்லி, அந்த ராத்திரிக்குள் தின்று தீர்த்துவிட வேண்டும். ஆண் கண்ணால் பார்க்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. தொட்டில் பிள்ளையானாலும் ஆண் ஆண்தான். கதையும் அவர்கள் காதில் விழக்கூடாது என்பதால் இங்கேயும் அது சொல்லப்படாது. ஊரில் ஆண்கள் உறங்கிய பிறகு நடப்பது வழக்கம். திருவனந்தபுரத்துக்கு வந்த பெண்களோ மறுநாள் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள். அதனால் விளக்கு வைத்ததும் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். ஆண்கள் கிழக்கேகோட்டைப் பக்கம் போய்ச் சாயா குடித்து, பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்று, போன் வந்ததும் திரும்புவார்கள்.

வடிவாம்பாள் கல்யாணமாகி வந்த நாள் முதல் நோன்பை விட்டதில்லை. ஒரே ஒரு ஆடிதான் விட்டுப்போனது. கை ஏன் இப்படி நடுங்குகிறது என்று பார்க்க ஆஸ்பத்திரியில் படுக்கவைத்த ஆடி அது. நரம்புக் கோளாறு, மாத்திரை தின்றால் மட்டுப்படும், போகாது என்றார்கள். அந்த ஆவணியிலேயே கொச்சியில் சுஜாவுக்கு முதல் கரு கலைந்தது. அடுத்த வருஷம் நோன்பு முறையாக நடந்தது. என்றாலும் இரண்டாவதும் நிற்கவில்லை. விட்டுப்போன நோன்புதான் காரணம் என்று எடுத்துச் சொன்னால் கணக்கு இடிக்கிறதே என்று பகவதிப்பெருமாள் கேட்டிருப்பார். அதனால் வடிவாம்பாள் அவரிடம் சொன்னதில்லை. இப்போது சுஜாவுக்கு நாலாம் மாசம். இந்த ஆடி நோன்பு முறியக் கூடாது. வடிவாம்பாளுக்கு அது ஒன்றுதான்.

ஆடியின் கடைசிச் செவ்வாய் அன்று மத்தியானம் கரமனையிலிருந்து பொன்செல்வி கூப்பிட்டாள். பகவதிப்பெருமாளின் தங்கை மகள். இரண்டு வருஷமாக வடிவாம்பாளின் கைகளுக்குப் பதில் மாவு பிசைந்தது அவள்தான். வள்ளியூரில் அவள் புருஷனுடைய பெரியப்பா காலையில் இறந்துவிட்டாராம். பதினாறு கழியாமல் நோன்பு மாவைத் தொட முடியாது. அழாத குறையாகச் சொன்னாள். சாரமில்லை மக்கா, வருத்தப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வடிவாம்பாள் போனை வைத்தாள். முன்பு கூடிய பெண்களில் சுப்பம்மாள் அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்னொருத்தி மகனோடு சென்னைக்குப் போய்விட்டாள். அம்மிணியையாவது கூப்பிடலாம் என்றால் அவள் கொல்லத்தில் பேத்தியின் பெயர் சூட்டுக்குப் போயிருந்தாள்.

புருஷனிடம் அவள் மூச்சு விடவில்லை. சொன்னால், இந்த வருஷம் விடு என்பார். அவர் வழக்கம்போலச் சாலையில் மாம்பழக் கூடைக்காரனிடம் கேட்டு வாங்கிய வைக்கோலை அடுக்களை வாசலில் வைத்திருந்தார். வைக்கோல் வாங்கிவர அவருக்கு அனுமதி உண்டு, எதற்கு என்று கேட்கத்தான் கிடையாது. வெளிச்சம் மங்கியதும் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

வடிவாம்பாள் குளித்து, சாயங்கால மாத்திரையை முன்கூட்டியே விழுங்கி, விளக்கேற்றினாள். விளக்கேற்றவே நாலு தீக்குச்சி போயிற்று. வறுத்த மாவைத் தாம்பாளத்தில் கொட்டினாள். வெந்நீரை ஊற்றும்போது பாதி தரையில் சிந்தியது. கைவிட்டுப் பிசையப் பார்த்தாள். கை மாவைப் பிசையவில்லை, தட்டிக்கொண்டிருந்தது. திரட்டித் திரட்டி வைத்தாலும் மாவு மணலாகவே நின்றது. தாம்பாளத்தைச் சுவரோடு அண்டக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நகர்த்தினாள். விளிம்பு இடித்து, மேலே இருந்த பானை மூடி விழுந்து, வீடு முழுக்க உருண்டு சத்தம் போட்டு ஓய்ந்தது.

"வடிவு, என்னாக்கும் சத்தம்?"

குரல் மாடிப்படியிலிருந்து வந்தது. மழை வலுத்துவிட்டதால் அவர் தெருவில் இறங்கவே இல்லை. பொன்செல்வியின் ஸ்கூட்டரையும் காணவில்லையே என்று படியிலேயே உட்கார்ந்திருந்தார். முதுகை வாசலுக்குக் காட்டிக்கொண்டுதான்.

"ஒண்ணுமில்ல. மூடி."

"பொன்செல்வி எங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. வரவில்லை, அங்கே தீட்டு என்றாள். இந்த வருஷம் விடு என்று சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்.

"சுஜாவுக்காக்கும், இல்லியா?" என்றார்.

அவருக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தது அவள்தான் போலிருக்கிறது.

"இதுல ஆம்பிளைக்கு என்னெல்லாம் பாடில்ல? ஒண்ணொண்ணாச் சொல்லு."

"பாக்கப்பிடாது. திங்கப்பிடாது. கதை கேக்கப்பிடாது."

"தொடப்பிடாதுன்னு உண்டா?"

வடிவாம்பாள் யோசித்தாள். அம்மா சொன்னதையும், மாமியார் சொன்னதையும், சுப்பம்மாள் அத்தை வருஷா வருஷம் அடுக்கின விதிகளையும் ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். உப்பு கூடாது உண்டு. மிச்சம் வைக்கக் கூடாது உண்டு. அடுப்புச் சாம்பலைக்கூட ஆண் கண்ணில் படாமல் அள்ள வேண்டும் என்றும் உண்டு. ஆண் மாவைத் தொடக்கூடாது என்று மட்டும் எவரும் சொல்லிக் கேட்ட ஞாபகமில்லை.

"அப்படி யாரும் சொன்னதில்ல," என்றாள். "எந்த ஆம்பிளையும் கேட்டதுமில்ல."

"பின்னே நான் கேக்கேன்லா. கண்ணக் கட்டிட்டு வாரேன்."

இது தகுமா என்று கேட்க அவளுக்கு மூத்தவள் ஒருத்தியும் பாக்கியில்லை. இனிமேல் எது முறை என்று சொல்ல வேண்டியது அவள்தான். அந்த நினைப்பே அவளுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அடுப்பில் பானைத் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. வாருங்கள் என்றாள்.

தோள் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி அவர் வந்தார். நிலைப்படியில் நெற்றி இடித்தது. அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தாம்பாளத்தின் முன்னால் உட்காரவைத்தாள். கட்டுக்குக் கீழே இடைவெளி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். அதுவும் போதாமல் முகத்துக்கு நேரே கையை நீட்டி, எத்தனை விரல் என்று கேட்டாள்.

"கட்டில்லேன்னாலும் எண்ண முடியாதே வடிவு. ஒனக்க விரல்தான் ஒரு எடத்துல நிக்காதே."

அந்தக் கையைப் பற்றி வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்தியே பேசி வந்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெந்நீரை அவள் ஊற்ற, அவர் பிசைந்தார். பாதி நீர் அவர் மணிக்கட்டில் விழுந்தது. சுட்டிருக்கும், சொல்லவில்லை. தேங்காய்ப் பல்லைத் தூவினாள், அது நன்றாகவே சிதறி விழுந்தது, நடுக்கத்துக்கும் ஒரு வேலை கிடைத்தது. மாவு இழுபட்டுச் சேர்ந்து வந்ததும் அவர் கையை நிறுத்தி, உப்பு எப்போது என்று கேட்டார். உப்பு கிடையாது என்றாள்.

"வெல்லம்?"

"அதுவும் கிடையாது."

"உப்பும் இல்ல, இனிப்பும் இல்ல. இதுக்கா இத்தன காலமும் எங்கள மழையில நிறுத்தினிய?"

பிறகு பிசைந்துகொண்டே ஒரு கதை சொன்னார். தாழக்குடி வீட்டில் சின்ன வயசில் அவரும் அண்ணனும் உறங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார்களாம். அடுக்களையிலிருந்து வைக்கோல் அவிகிற மணம் வரும். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் வரும். உள்ளே நெய்யும் முந்திரிப்பருப்பும் கல்கண்டும் வைத்துப் பிடிப்பார்கள், ஆண்களுக்குக் கொடுத்தால் தீர்ந்துபோகும் என்று ஒளிக்கிறார்கள் என்று அண்ணன் காதுக்குள் சொல்வானாம். அண்ணன் செத்துப்போய் எத்தனையோ காலம். அவர் மட்டும் அதை இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தார். தின்ற பலகாரமெல்லாம் அந்த மணத்துக்குக் கொஞ்சம் கீழேதான் என்றார்.

வடிவாம்பாளுக்கு அது அவ்வளவாக ரசிக்கவில்லை. விரல் வெந்து பொரித்த முந்திரிக்கொத்தும், கார்த்திகைக்குத் திரளி இலை தேடி அலைந்து அவித்த கொழுக்கட்டையும் அவள் செய்தவை. அவை எல்லாவற்றையும், அவர் தின்றே பார்க்காத ஒன்று முந்திக்கொண்டு நிற்கிறது. அப்போ என் முந்திரிக்கொத்து என்று கேட்டாள்.

"அது தின்னது," என்றார் அவர். "இது திங்காததுல்லா."

நோன்புக் கொழுக்கட்டைக்கென்று பெண்கள் பிடிக்கிற உருவங்கள் உண்டு. அவற்றை வெளியே சொல்லும் வழக்கமில்லை. ஆகவே சும்மா பிடித்து வையுங்கள் என்றுவிட்டாள். அவர் பிடித்துப் பிடித்து வைத்தார். ஒவ்வொன்றிலும் நாலு விரலும் அழுந்திப் பதிந்திருந்தன. போதும் என்று அவள் சொல்ல மறந்துபோனாள். ஐந்தாறு பெண்களுக்கு அளந்து போட்ட மாவு முழுவதையும் அவர் பிடித்துத் தீர்த்துவிட்டார். வைக்கோலின் மேல் அடுக்கி மூடியதும் சற்று நேரத்தில் மணம் எழுந்தது. கட்டிய கண்ணோடு அவர் அசையாமல் நின்றார். அவளும் அவசரப்படுத்தவில்லை.

மூடியைத் திறக்கும் முன் அவர் வெளியே போக வேண்டும். கையில் மாவு மணிக்கட்டு வரை ஒட்டிக் காய்ந்திருந்தது. குழாயடிக்குக் கூட்டிப்போனாள். கரண்டியை நக்காமல் கீழே வைக்கிற வழக்கம் அவருக்குப் பிறந்ததிலிருந்து கிடையாது. அதனால் அவர் கை வாய்ப் பக்கம் போகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். போகவில்லை. சோப்புப் போட்டார். கழுவினார். மறுபடியும் போட்டார். தீக்குச்சி கேட்டு வாங்கி, ஒவ்வொரு நகத்துக்கு அடியிலும் தடவிச் சுரண்டினார். சாமி கும்பிடக்கூட ஒழுங்காக நிற்காத மனுஷன் அவர்.

"இனியும் இருக்கா, பாரு," என்று இரண்டு கையையும் விரித்து நீட்டினார்.

மோதிரத்தை ஒட்டி ஒரு துணுக்கு இருந்தது. அதை எடுக்க அவள் விரலுக்கு இரண்டு மூன்று தடவை வேண்டியிருந்தது. அவர் கையை ஆட்டாமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு வாசல் தாண்டி, கதவு சாத்திய சத்தம் கேட்ட பின்னால்தான் துண்டை அவிழ்த்தார்.

கதை பாக்கி. கதைக்கு உம் கொட்ட ஒரு பெண் வேண்டும். வடிவாம்பாள் கொச்சிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு விளக்கின் முன் உட்கார்ந்தாள். ஒரு மினிட் அம்மா என்று சுஜா போனைத் தள்ளிப் பிடித்து, புருஷன் வினீத்திடம் மலையாளத்தில் பால்கனிக்குப் போகச் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்டதும், அவள் சொல்லாமல் விட்டதும், கதவு இழுபட்டதும் இங்கே கேட்டது.

"அங்க யாரெல்லாம் உண்டு அம்மா?"

"நாங்க ரெண்டு பேரு," என்றாள் வடிவாம்பாள்.

பொன்செல்வியிடமும் பேசட்டுமா என்று மகள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வடிவாம்பாள் என்ன சொல்லியிருப்பாளோ. கதையை முதலிலிருந்து கடைசி வரை ஒரு சொல் விடாமல் சொன்னாள். சுஜா ஒவ்வொரு நிறுத்தத்திலும் உம் என்றாள்.

போனை வைத்த பிறகுதான் அவள் பானைக்குள் சரியாக எட்டிப் பார்த்தாள். ஐந்தாறு பேர் தின்ன வேண்டியது அத்தனையும் ஒருத்திக்காக அடுக்கியிருந்தது. மிச்சம் வைக்கக் கூடாது. ஆணுக்குக் கொடுக்கக் கூடாது. அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரல் தடம் பதிந்த முதல் கொழுக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்னத் தொடங்கினாள். பச்சரிசி ருசி, நடுநடுவே தேங்காய். வேறு ஒன்றும் இல்லை. எப்போதும் அப்படித்தான், ஆனால் சுற்றிலும் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்ததால் இதுவரை அது தெரிந்ததில்லை. பாதி தீர்ந்தபோது மூச்சு முட்டியது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். மழை ஓய்ந்து கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சா?" என்று படியிலிருந்து குரல் வந்தது.

"இல்ல."

"இனி எத்தன இருக்கு?"

"அதெல்லாம் ஆம்பிளைட்ட சொல்லப்பிடாது."

"அது எப்ப உள்ள சட்டம்?"

"இப்ப உள்ளது," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்ததை எடுத்தாள்.