எட்டாவது முயல்

வெர்னாவும் ஹேரியட்டும் ஒரே கல்லூரியில் உயிரியல் படித்தவர்கள். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவள் வெர்னா. ஆனால் கல்யாணமான ஏழு வருஷத்தில் ஐந்து பிள்ளைகள். இப்போது, 1954-இல், மாசசூசெட்ஸ் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஹேரியட்டுக்கே உதவியாளராக இருந்தாள்.

ஹேரியட்டின் கருத்தடை மருந்தைக் கொடுத்திருந்த எட்டு முயல்களில் கடைசி முயலை வெர்னா அறுத்துப் பார்த்தாள். சினைப்பையிலிருந்து ஒரு கருமுட்டையாவது வெளிவந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. ஒன்றே ஒன்று போதும், ஹேரியட்டின் முகம் தொங்கிப்போகும். இரண்டு தடவை தேடினாள்.

"என்னடி, ஏதாவது இருக்கா?" என்றாள் ஹேரியட்.

"ஒண்ணுகூட இல்ல. உன் மருந்து ஜெயிச்சிடுச்சு."

ஹேரியட் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். வெர்னா விறைப்பாக நின்றாள்.

"இது பத்து வருஷம் முன்னாடி வந்திருந்தா, உன் நாற்காலியில நான் உட்கார்ந்திருப்பேன்."

ஹேரியட்டின் கைகள் தளர்ந்தன. "பொறாமையா, வெர்னா?"

"வயிறு எரியுதுடி. ஆராய்ச்சிக் கட்டுரையில என் பேரையும் போடு."

ஹேரியட் அவள் பெயரை எழுதினாள், தன் பெயருக்குக் கீழே. அந்தக் 'கீழே'தான் வெர்னாவின் கண்ணில் முதலில் பட்டது.