கனகலட்சுமியின் கொள்ளுத் தண்ணீர்

ஒத்தக்கடையில் பாண்டீஸ்வரிக்கு இளைக்க வழி சொல்லாத ஆள் இல்லை. பால்காரர் சீரகத் தண்ணீர் என்றார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள், பேர்கூடத் தெரியாதவள், ராத்திரிச் சோற்றை நிறுத்தச் சொன்னாள். உடம்பு பெருத்தவர்களுக்கு மட்டும் ஊரே வைத்தியம் பார்க்கும், கேட்கவே வேண்டியதில்லை.

அவளுக்குக் குடலிறக்கம். இருமினால் அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்குப் போனவளை, "பன்னெண்டு கிலோ குறைச்சிட்டு வாங்கம்மா" என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். எதிர்வீட்டுக் கனகலட்சுமியும் ஏறக்குறைய அதே கனம்தான். "நானும் வாரேன்க்கா, சேந்தே குறைப்போம்" என்றாள். அந்த ஒரு சொல்லில் பாண்டீஸ்வரிக்கு உயிர் வந்தது.

விடிந்ததும் இருவரும் மேலூர் ரோட்டில் நடப்பார்கள். கனகலட்சுமி வீட்டு அடுப்பில் காய்ச்சிய கொள்ளுத் தண்ணீரை ஆளுக்கொரு சொம்பு குடிப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பாண்டீஸ்வரியின் கணவருடைய அரிசிக் கடைக்குப் போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பார்கள். ஏழு மாதத்தில் கனகலட்சுமி பதினாறு கிலோ இறங்கினாள். பாண்டீஸ்வரி மூன்று.

"களவாத் திங்கிறீங்களோ?" என்று ஒருநாள் கனகலட்சுமி சிரித்துக்கொண்டே கேட்டாள். பாண்டீஸ்வரி தராசிலேயே நின்று அழுதுவிட்டாள். அன்றிலிருந்து தன்மேலேயே சந்தேகம். விரலில் ஒட்டிய தோசை மாவை நக்கிவிட்டோமோ, தூக்கத்தில் எழுந்து போய் எதையாவது தின்றுவிட்டோமோ என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்தாள்.

போன மாதம் அலங்காநல்லூரில் தம்பி அழகுபாண்டி வீட்டில் காதுகுத்து. கிடா வெட்டிக் கறிவிருந்து. காலையிலேயே கனகலட்சுமி போன் செய்து, "ஒரு வாய் சோறு வச்சீங்க, அம்புட்டும் போச்சு" என்று எச்சரித்தாள். பாண்டீஸ்வரியும் பந்தியில் உட்கார்ந்து, கொண்டுபோன வெள்ளரிக்காய் டப்பாவைத் திறந்தாள். கூடப் பிறந்த அக்கா கை நனைக்காவிட்டால் தம்பிக்கு அது எத்தனை பெரிய தலைகுனிவு! "எஞ்சோத்துல என்ன விசமா கெடக்கு?" என்று கேட்டவன்தான், இன்றுவரை அவளோடு பேச்சில்லை.

நேற்று உறை ஊற்றத் தயிர் இல்லையென்று எதிர்வீட்டுக்குப் போனாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கனகலட்சுமி, "பிரிட்ஜில இருக்கு, எடுத்துக்கங்கக்கா" என்றாள். தயிர்க் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு மருந்து டப்பா, உள்ளே பேனா மாதிரி ஊசி. பாண்டீஸ்வரியின் மாமியார் சர்க்கரைக்கு இப்படி ஒன்றைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பாவி மகள் இந்த வயசிலேயே நோயைச் சுமக்கிறாளே என்று இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டப்பாவோடு துணிக்கொடிப் பக்கம் வந்தாள்.

"ஒனக்கு சுகராடி கனகு? எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

ஆமாம் என்றிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் அந்தக் கலங்கிய கண்ணைப் பார்த்துப் பொய் வரவில்லை போலிருக்கிறது.

"சுகர் இல்லக்கா. எளைக்கிறதுக்கு. வாரம் ஒண்ணு, டாக்டரு எழுதிக் குடுத்தாரு."

"எப்ப இருந்து?"

"மொத மாசத்துல இருந்தே." கனகலட்சுமி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "ஊசி போட்டு எளைச்சேன்னா ஊரு மதிக்குமாக்கா? ஒங்களுக்கும் டாக்டர்ட்ட கேப்போம். யாருக்கும் தெரியாமப் பாத்துக்குவோம்."

ஊசி போட்டதில் பாண்டீஸ்வரிக்குக் குறையில்லை. எப்படி இளைத்தால் என்ன, நன்றாக இருக்கட்டும். ஆனால் கூடவே நடந்து, ஒரே கொள்ளுத் தண்ணீரைக் குடித்து, தராசில் தலைகுனிந்து நின்றதையும் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்காமல் இருந்தாளே, அதுதான் நெஞ்சைப் பிடுங்கியது.

"ஏழு மாசமா கண்ணாடியில நிக்கிறவள நான் வையாத நாளில்லடி. வாயக் கட்டத் தெரியாதவ, மானங்கெட்டவன்னு அம்புட்டு வஞ்சிருக்கேன். அவ பாவம், நீ சொன்னதெல்லாம் ஒண்ணுவிடாமச் செஞ்சிருக்கா. இனி அவ மூஞ்சியில நான் எப்பிடி முழிப்பேன்?"