செருப்புக்குப் பக்கத்தில் வைத்த தட்டு

என் மகள் மஹ்யூபாவுக்கு வயிறு ஒருவழியாகத் தேறிவிட்டது, மனசுதான் தேறவில்லை. பத்து வயதுப் பெண், சாப்பாட்டு நேரம் வந்தாலே மூலைக்குப் போய்க் கூடாரத் துணியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள். சீலியாக் நோய், கோதுமை ஒரு துகள் உள்ளே போனாலும் குடல் புண்ணாகும். பாலைவனத்தில் எங்கள் சஹ்ராவி அகதி முகாமுக்கு லாரியில் வருவதோ பெரும்பாலும் கோதுமை மாவுதான். வேறு எதைத் தின்ன?

தப்பு எங்கள் மேல்தான். பெருநாளன்று ஒரே தாம்பாளத்தில் பாதிக்குச் சோறும் பாதிக்குக் கோதுமை ரவையில் செய்த கூஸ்கூஸும் போட்டு, "பாதி உனக்கு" என்று அவளை உட்கார வைத்தோம். பிரியமானவர்கள் பக்கம் நல்ல கறியாகப் பிய்த்துத் தள்ளுவது எங்கள் வழக்கம். அவள் பெரியப்பா கூஸ்கூஸ் ஒட்டிய கையாலேயே தள்ளினார். நாலு நாள் சுருண்டு கிடந்தாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடமும் நின்றது.

"நான் இருந்தா எல்லாருக்கும் தொல்லைம்மா. பொறக்காமலே இருந்திருக்கலாம்" என்றாள் ஒரு நாள்.

அதனால்தான் என் தம்பி கல்யாணத்துக்கு அவளை விடாப்பிடியாக இழுத்துப் போனேன். அங்கே என் அண்ணி தஹ்பா, சின்னத் தட்டில் சோறும் கறியும் போட்டு வாசலோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நோயாளிப் பொண்ணு, தனியா நிம்மதியா சாப்பிடட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மஹ்யூபா தட்டோடு எழுந்து, பெண்கள் உட்கார்ந்திருந்த விரிப்பின் நடுவில் போய் அமர்ந்தாள்.

"நான் நோயாளி இல்ல அத்தை. உங்க மாவுதான் எனக்கு ஒத்துக்கல. நான் இங்கதான் சாப்பிடுவேன். என்கூட சாப்பிடணும்னா சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வாங்க."

"அடியாத்தி, வாயைப் பாரு! உன்கூட யாருடி வருவா?"

"வராட்டி கறி முழுசும் எனக்கு."

யாரும் அசையவில்லை. அவள் சாப்பிட ஆரம்பித்தாள். நானும் கூஸ்கூஸ் தின்றுகொண்டிருந்தவள்தான். எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தேன்.

அவள் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நகத்துக்கு அடியில இருக்கு. போ, மறுபடி கழுவிட்டு வா."

இருபது பேர் பார்க்க, பெற்ற தாயையே விரட்டுகிறாள்! பெருநாளிலிருந்து இந்த அதட்டலுக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சோப்பைத் தேடி ஓடினேன்.