ஒன்பதாம் நிரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கன் மேஸ்திரி கூலிக்காரர்களின் லயன் வீடுகள் பக்கம் வந்தால் யாரையோ வைய வந்திருக்கிறார் என்று பொருள். அன்று அவர் வையவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "குரல் நல்லா இருக்கற பொம்பளைங்க நாலு பேர் வேணும்" என்றார்.

"என்னத்துக்குங்க மேஸ்திரி? ஒப்பாரி வெக்கவா?" என்றாள் குப்பாயி.

"வாயக் கழுவுடி. தொரையோட அக்கா சீமையிலிருந்து வந்திருக்காங்க. நம்ம சனங்க பாட்டக் கேக்கோணும்னு ஆசப்படறாங்க. பங்களாவுல போய்க் கும்மி அடிச்சு, தொரைய வாழ்த்திப் பாடிட்டு வரோணும். ஆளுக்கொரு சீலை கெடைக்கும்."

வாசலில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்த பெண்களிடையே சிரிப்பு ஓடியது. "காட்டுல பாடினா குத்தம், பங்களாவுல பாடினா சீலையாக்கும்!" என்று யாரோ ஒருத்தி உள்ளிருந்து சொன்னாள். மேஸ்திரி குரல் வந்த பக்கம் திரும்புவதற்குள், "நான் வர்றனுங்க" என்று ஆராயி எழுந்தாள்.

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு வருஷமாக அவரிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவள் அவள். ஆனால் அந்த எஸ்டேட்டில் அவளைவிடக் குரலுள்ளவள் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அவர் போனதும் குப்பாயி அவள் கையைப் பிடித்தாள். "ஏண்டி, நீயா தொரைய வாழ்த்தப் போற?"

"பாடத்தானே கூப்புடறாரு? போய்ப் பாடறேன்."

"உன் மூஞ்சி சரியில்லடி."

"அப்ப நீயும் வா. பக்கத்துல நின்னு பாத்துக்க."

கொட்டச்சேடு ஊருக்கு மேலே மலைச்சரிவில் கிடக்கும் அந்த எஸ்டேட்டில் பழம் பறிப்பும் மஞ்சு இறங்குவதும் ஒரே பருவத்தில் நடப்பவை. கார்த்திகையிலும் மார்கழியிலும் நாலாவது காப்பிச் செடிக்கு அப்பால் உலகம் இருப்பதில்லை. ஒருத்திக்கு ஒரு நிரை என்று பிரித்துவிட்டால், அடுத்த நிரைக்காரி இருக்கிறாளா என்பதைக் காதால்தான் அறிய வேண்டும். நிரைப்பாட்டு உண்டானது அதற்காகத்தான். முதல் நிரையில் நிற்பவள் ஒவ்வொரு நிரையாகப் பேர் சொல்லி, 'இருக்கியாடி?' என்று இழுப்பாள். பேருக்குரியவள் 'இருக்கேன்டி' என்று திருப்பிக் கொடுப்பாள். கெட்டிக்காரிகள் அதோடு விடாமல் தம் பங்குக்கு ஒரு கேலியும் சேர்ப்பார்கள். பதில் வராவிட்டால் பாட்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும். அத்தனை பேரும் கூடையை இறக்கிவைத்துவிட்டு அந்த நிரைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். யார் விதித்த விதியென்று யாருக்கும் தெரியாது, மீறியவளும் இல்லை. சிறுத்தைக்கும் பாம்புக்கும் பள்ளத்துக்கும் அந்தப் பாட்டுத்தான் காவல்.

ஆராயி முதல் நிரைக்காரி ஆவதற்கு முன், அவள் மகன் பிறந்ததே அப்படித்தான். இடுப்புவலி குரலை அடைத்து, 'இருக்கேன்டி' என்று சொல்ல வாய் வராமல் செடியடியில் அவள் சுருண்டு கிடந்தபோது பாட்டு நின்றது. அடுத்த நொடி மஞ்சுக்குள்ளிருந்து முப்பது முகங்கள் வந்தன. பிள்ளைக்குத் தொப்புள்கொடி அறுத்தவள் ஒன்பதாம் நிரைப் பூவாயி.

பூவாயிதான் பாட்டுக்கு வினையாகவும் வந்தாள். போன வருஷம் ஐப்பசியில் ஒருநாள் அவள் பதில் கொடுக்கத் தாமதித்தாள். எல்லாரும் கூடையை இறக்கப் போகிற நேரத்தில், 'இருக்கேன்டி இருக்கேன்டி, மேஸ்திரி மீசைக்கு மையிட்டுக் கொடுத்தேன்டி' என்று ராகம் குலையாமல் பாடினாள். முப்பது பேரும் சிரித்த சிரிப்பு கரடியூர் வரை கேட்டிருக்கும். மறுநாள், பாடினால் கை ஓயும், பறிப்பு குறையும், ஆகவே இனி நிரையில் பாடக் கூடாது என்று துரையின் உத்தரவு வந்தது. அதைத் துரையின் வாயில் வைத்தது யார் என்று எவரும் கேட்கவில்லை.

அந்த மார்கழியில் பூவாயி பள்ளத்தில் சரிந்தாள். ஒன்பதாம் நிரையின் கடைசிச் செடி பள்ளத்து விளிம்பில் நிற்கிறது. அவள் விழுந்ததை யாரும் அறியவில்லை. சாயங்காலம் பழம் அளக்கிற இடத்துக்கு அவள் வராதபோதுதான் தேடினார்கள். "அடிவாரத்துக்கு எறங்கி ஓடியிருப்பா, எவனும் தேடப் போகக் கூடாது" என்றார் மேஸ்திரி. விடிந்து போய்ப் பார்த்தபோது உடம்பு விறைத்திருந்தது. பாறையைப் பற்றி ஏற முயன்ற விரல்களில் நகம் இல்லை. துரை அப்போது பண்டிகைக்குச் சென்னைப் பட்டணம் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் செங்கோடன் பதிவுப் புத்தகத்தில் சாவுக்குக் காரணம் 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகும் ஆராயி உத்தரவை மீறிப் பாடவில்லை. பயத்தால் அல்ல. எட்டாம் நிரையிலிருந்து பத்தாம் நிரைக்குத் தாண்டிப் பாட அவள் நாக்கு இணங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்களாப் புல்தரையில் நாற்காலி போட்டுத் துரையும் அவர் தமக்கையும் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன மேசைமேல் கிராமபோன் பெட்டி. மொழிபெயர்க்க ரைட்டர் செங்கோடன் தலைப்பாகையோடு நின்றார். துரைக்குத் தெரிந்த தமிழெல்லாம் வேலைத் தமிழ்: கூடை, பழம், சீக்கிரம், நாளைக்கு வராதே.

அந்த அம்மாள் முதலில் தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்கச் சொல்லிச் சாவியை முறுக்கினாள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. ஏறிப் போய் உச்சியில் நடுங்கி, பிறகு படிப்படியாக இறங்கியது. முடிந்ததும் அந்த அம்மாள் ரைட்டரிடம் ஏதோ சொன்னாள். கண் ஓரம் சிவந்திருந்தது.

"இந்தப் பாட்ட அவுங்க அம்மா மாவு பெசையும்போது பாடுவாங்களாம். இப்பக் கேட்டாலும் அந்தக் கையி வாசம் வருதாம்" என்றார் ரைட்டர்.

"பாட்டுப் புரியலீங்க. காரணம் புரியுதுங்க" என்றாள் ஆராயி. அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

மேஸ்திரி கண்ணைக் காட்டினார். நாலு பெண்களும் வட்டமாக நின்று கும்மி தொடங்கினார்கள். மலை ஆளும் மகராசா, மழை தந்த மகராசா என்று இரண்டு அடி போனது. துரையின் தமக்கை கையமர்த்தினாள். ரைட்டரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"சொல்லிக் குடுத்தத வேண்டாங்கறாங்க. உங்களுக்கே புடிச்சது எதுன்னு கேக்கறாங்க" என்றார் ரைட்டர், தயங்கியபடி.

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் ஆராயி இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எடுத்தாள்.

*மஞ்சு எறங்குதடி, மலையெல்லாம் மூடுதடி,*
*ரெண்டாம் நெரையில நிக்கும் குப்பாயி இருக்கியாடி?*

குப்பாயிக்குப் பதில் கொடுக்கும் எண்ணம் துளியும் இல்லை. ஆனால் பதினைந்து வருஷப் பழக்கம் அவளைக் கேட்கவில்லை. 'இருக்கேன்டி' என்று வாய் தானாகத் திறந்துகொண்டது. திறந்த வாயை அவள் கையால் பொத்தினாள், நேரம் கடந்துவிட்டது. மூன்றாம் நிரை வெள்ளையம்மாளும் நாலாம் நிரை வீராயியும் பதில் கொடுத்தார்கள். அங்கே இல்லாதவர்களுக்கு ஆராயியே பதில் பாடினாள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.

*ஒம்பதாம் நெரையில நிக்கும் பூவாயி இருக்கியாடி?*

இதற்கு அவள் பதில் பாடவில்லை. வாயை மூடிக்கொண்டு நேராக நின்றாள். சில்வர் ஓக் மரத்தில் ஒரு குருவி கத்தி ஓய்ந்தது. அந்த அம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"ஏன் நிறுத்திட்டே, இது ஏன் புடிக்கும்னு கேக்கறாங்க" என்றார் ரைட்டர். அவர் நெற்றி வேர்த்திருந்தது.

ஆராயி சொன்னாள். மஞ்சைச் சொன்னாள், மகன் பிறந்ததைச் சொன்னாள், மீசை மையைச் சொன்னாள், பாட்டை நிறுத்தியதைச் சொன்னாள். "பாடியிருந்தா பூவாயி உழுந்த நிமிசமே பாட்டு நின்னிருக்கும். நாங்க போயிருப்போம். அந்த அம்மாவுக்குப் பாட்டுக் கேட்டா அவுங்கம்மா கையி வாசம் வருது. எனக்கு இந்தப் பாட்டு இல்லீன்னா பக்கத்துல இருக்கறவ உசுரோட இருக்காளான்னே தெரியாதுங்க. அதனால புடிக்கும். அப்படியே சொல்லுங்க."

ரைட்டர் ஆங்கிலத்தில் சொன்னார். வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"ஏனுங்க ரைட்டரே, நான் அவ்வளவு நேரம் பேசுனன். நீங்க அதுக்குள்ள முடிச்சுட்டீங்க?"

"இங்கிலீசுல சுருக்கமாத்தான் வரும்."

"சுருங்கட்டுமுங்க. பேரு சுருங்குமா? பூவாயிங்கற பேரு என் காதுல உழுகவே இல்லீங்களே?"

குப்பாயி பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்தாள். அந்த அம்மாள் ஆராயியையும் ரைட்டரையும் மாறி மாறிப் பார்த்து, 'பூவாயி?' என்று கேட்டாள். ரைட்டர் வேறு வழியின்றி இன்னொரு வாக்கியம் சொன்னார். இம்முறை பேர் இருந்தது. அதற்குப் பின்னால் ஆராயிக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லும் இருந்தது. கம்பவுண்டர் மருந்து ஊற்றும்போதெல்லாம் சொல்கிற சொல்.

"பீவரா?" என்றாள் ஆராயி. "அவளுக்கு ஏதுங்க பீவர்? கல்லைப் புடிச்சு ஏறி நகம் பேந்து போனவளுக்கா பீவர்?"

துரை எழுந்துவிட்டார். அவருக்கு என்ன புரிந்ததோ, மேஸ்திரியைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை. ஆனால் விரல் நீண்டது ஆராயியை நோக்கி. "போதும். போ. நாளைக்குப் பாட்டு, நாளைக்கு வராதே."

திரும்பும் வழியில் மேஸ்திரி அதை விளக்கினார். நிரையில் யார் வாயைத் திறந்தாலும் பெரட்டில், காலை ஆள்கணக்கில், பேர் அடிக்கப்படும், லயன் ஊட்டைக் காலி செய்ய வேண்டும்.

"சீலை?" என்று கேட்டாள் வீராயி. அவளைத் தவிர யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு எல்லாருக்கும் வந்தது.

மறுநாள் மஞ்சு வழக்கத்தைவிடக் கெட்டியாக இறங்கியிருந்தது. முப்பது பெண்களும் கூடையைக் கட்டிக்கொண்டு அவரவர் நிரையில் ஏறினார்கள். பழங்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. இன்னும் நாலு நாள் விட்டால் உதிர்ந்துவிடும். ஆராயி பத்துச் செடி பறித்தாள். மகனையும், புருஷனையும், லயன் சுவரில் அவள் அறைந்த ஆணிகளையும் ஒருமுறை நினைத்துக்கொண்டாள். பிறகு பாடினாள்.

*ரெண்டாம் நெரையில நிக்கும் குப்பாயி இருக்கியாடி?*

பதில் இல்லை. பக்கத்து நிரையில் பழம் கூடையில் விழும் ஓசையும் நின்றது. பள்ளத்தில் கிடந்தவள் கேட்டது இதைத்தான் என்று ஆராயிக்குத் தோன்றியது: ஆட்கள் இருக்கிறார்கள், குரல் இல்லை.

"பாவி மவளே" என்று மஞ்சுக்குள் குப்பாயி முனகுவது கேட்டது. "இருக்கேன்டி!"

அதற்குப் பிறகு தடை இல்லை. மூன்று, நாலு, ஐந்து என்று பதில் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு வருஷம் அடைந்து கிடந்த குரல்கள் சற்றுக் கரகரத்தன, ஆனால் ஒன்றும் தப்பவில்லை. கீழே பாதையில் மேஸ்திரி கத்துவது பாட்டுக்கு நடுவே துண்டு துண்டாகக் கேட்டது. எட்டாம் நிரை பதில் கொடுத்தது.

*ஒம்பதாம் நெரையில நிக்கும் பூவாயி இருக்கியாடி?*

யாரும் பதில் கொடுக்கவில்லை.

ஆராயி கூடையை இறக்கிவைத்தாள். மஞ்சுக்குள் ஒவ்வொன்றாகக் கூடைகள் தரையில் அமர்கிற சத்தம் கேட்டது. முப்பது பேரும் செடிகளை விலக்கிக்கொண்டு ஒன்பதாம் நிரைக்கு வந்து, பள்ளத்து விளிம்பில் வரிசையாக நின்றார்கள்.

மேஸ்திரி மூச்சிரைக்க ஏறி வந்தார். "என்னங்கடி இது? பழம் உதுருது!"

"பதில் வரலீங்க மேஸ்திரி" என்றாள் ஆராயி. "பதில் வரலீன்னா போய்ப் பாக்கோணும். பாத்துட்டிருக்கறோம்."

"செத்தவ பதில் சொல்வாளாடி?"

"அவளுக்காக யாராவது சொல்லட்டுமுங்க. காத்திருக்கறோம்."

அவர் ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தார், அவள் உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தி உட்கார்ந்ததும் முப்பது பேரும் உட்கார்ந்தார்கள். முப்பது பேரின் பேரையும் பெரட்டில் அடித்தால் யார் பழம் பறிப்பது என்ற கணக்கு மேஸ்திரியின் முகத்தில் ஓடியது. துரைக்கு ஆள் போயிற்று.

துரை குதிரையில் வந்தார். பின்னால் ரைட்டர் செங்கோடன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். துரை சாட்டையால் பெண்களைச் சுட்டி ரைட்டரிடம் ஏதோ கேட்டார். ரைட்டர் ஆராயியைப் பார்த்தார். பிறகு பள்ளத்தைப் பார்த்தார். ஒரு வருஷத்தில் அவர் இந்த விளிம்புக்கு வந்ததே இல்லை.

அவர் பேசத் தொடங்கினார். ஆராயி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். பூவாயி என்று ஒருமுறை வந்தது. மறுபடி வந்தது. மேஸ்திரி என்று வந்தது; மூக்கன் ஓரடி பின்னால் நகர்ந்தார். ரைட்டர் தன் மார்பையே தொட்டு எதையோ சொன்னார், எழுதுவதுபோல் விரலை அசைத்தார். மூன்றாம் முறையும் பூவாயி வந்தது. ஆராயி பீவருக்காகக் காத்திருந்தாள். அது வரவே இல்லை. பேச்சு நெடுநேரம் ஓடியது; ஆங்கிலத்திலும் அது சுருங்கவில்லை.

துரை பள்ளத்தை எட்டிப் பார்த்தார். குதிரையைத் திருப்பிக்கொண்டு, வந்ததைவிட மெதுவாகக் கீழே இறங்கிப் போனார்.

பதில் கிடைத்தவர்களாகப் பெண்கள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவரவர் நிரைக்குத் திரும்பினார்கள். மேஸ்திரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"நாளைக்கும் இப்படித்தான் வந்து குந்துவீங்களாடி?"

ஆராயி கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். "நாளைக்கும் அவளக் கூப்புடுவோமுங்க மேஸ்திரி" என்றாள். "அப்புறம் நீங்களும் பதில் சொல்லப் பழகிக்கோணும்."

மஞ்சுக்குள் நடந்தபடியே பத்தாம் நிரையின் பேரை எடுத்தாள்.