கறிக்கு மீன்

சங்கரா மீனின் முதுகுத் துடுப்பை அறுக்கப் போன ரீட்டாவின் கத்தி எதிலோ தட்டி நின்றது.

"ஜூலி, இங்க வந்து பாருடி. மீனுல பிளாஸ்டிக்கக் குத்தி வச்சிருக்கானுவோ."

ரீட்டாவோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த ஜூலியட் வந்து பார்த்தாள். மஞ்சள் அடையாள டேக். அவளே தன் கையால் குத்தியது.

காரைக்காலுக்கு நேரே கடலில் இரண்டு இடங்களில் சிமென்ட் வளையங்களை இறக்கி, மீன் வந்து தங்கச் செயற்கைப் பார் அமைத்திருந்தார்கள். ஒன்றில் மீன் பிடிக்கலாம். மற்றதில் ஆராய்ச்சி முடியும்வரை தூண்டில்கூடப் போடக் கூடாது. இப்படி யாரும் பிடிக்காமல் மூடி வைத்தால் மீன் பெருகுகிறதா, பவளம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதுதான் ஜூலியட்டின் வேலை. மூடிய பாரில் மட்டும் மீன்களைக் குஞ்சாகப் பிடித்து டேக் குத்தி விட்டவளும் அவள்தான். யாராவது மீறினால் படகைக் கடலுக்குப் போகவிடாமல் கரையேற்றிவிடுவதாக ஊர்ப் பஞ்சாயத்தே கட்டுப்பாடு போட்டிருந்தது. ஆனால் முங்கிப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பார் காலியாகவே கிடந்தது. மூடி வைப்பதால் பயனில்லை, இனி இறக்கும் பார்களுக்கு அது வேண்டாம் என்று அறிக்கை எழுதச் சொல்லி நேற்றுதான் அலுவலகத்தில் உத்தரவாகியிருந்தது. பாதி எழுதியும் விட்டாள்.

படகில் ஏறி வந்தவர்களுக்குக் கறிக்கு மீன் கொடுத்தனுப்புவது அங்கே வழக்கம். அவளைக் கடலுக்குக் கூட்டிப்போகும் முருகானந்தம் ஒருநாளும் அதில் தவறியதில்லை. அதுவும் சும்மா இல்லை, அவர் மனைவி இளவேனில் செதில் உரசி, துண்டு போட்டு, அலசித் தருவாள். இப்படியும் மனிதர்கள் உண்டா என்று ஜூலியட் ஆபீஸ் முழுக்கப் பெருமையடித்திருந்தாள். இன்று இளவேனில் தாய்வீட்டுக்குப் போயிருந்ததால் மீன் முழுசாக வந்துவிட்டது.

முருகானந்தத்துக்குப் போன் போட்டு, இந்த மீன் எங்கே பிடித்தது என்று கேட்டாள்.

"ஒங்ககிட்ட என்னத்தம்மா மறைக்கிறது? மூடுன பாருக்கு வெளிய மீனே இல்ல. தண்ணியில கெடந்து வேல பாத்த புள்ளய வெறுங்கையோட அனுப்ப மனசு வரல."

"எங்க கறிக்கு மட்டுந்தானாண்ணே?"

"படகக் கரையில ஏத்திப்புடாதீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கோபம் வந்தது. அதைவிட வெட்கம் அதிகமாக வந்தது. உண்மையை எழுதினால் அவர் பிழைப்பு போகும். எழுதாவிட்டால் இந்தக் கடலில் இன்னொரு பாரை மூடிவைக்க யாரும் கேட்கப் போவதில்லை. எழுதினாலும், சாப்பிட்டவள் யார் என்பதையும் சேர்த்தல்லவா எழுத வேண்டும்?

"போன தடவ குடுத்தது ஃப்ரீசர்ல அப்படியே இருக்குடி, அதையும் போட்ரவா?" என்றாள் ரீட்டா.

ஜூலியட் டப்பாவை எடுத்துத் திறந்தாள். பனி படர்ந்த துண்டுகளைக் கைச்சூட்டில் பிரித்து வைத்தாள். துடுப்பு இருந்த முதுகுத் துண்டுகளிலெல்லாம் டேக் குத்தும் அதே இடத்தில் நகமளவு சதை தோண்டப்பட்டிருந்தது. எத்தனையோ தடவை அதைத் தட்டில் பார்த்திருக்கிறாள். ஒருநாளும் ஏனென்று கேட்டதில்லை.

பின்னால் ரீட்டா புளியைக் கரைத்து ஊற்றினாள். குழம்பு மணம் எழுந்தது. காலையிலிருந்து கடலில் கிடந்த வயிறு வெட்கமில்லாமல் பசித்தது.